தண்ணீர் எட்டாத ஆழம்

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை வெளியே எடுத்ததும் தடுப்பு எதுவும் இல்லாமல் அதன் பக்கத்தில் நின்றால், சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தான கதிர்வீச்சு உடம்பில் ஏறிவிடும். அதனால் அதை நீருக்குள்ளேயே நகர்த்திக் குளத்தில் பல ஆண்டுகள் ஆறப்போடுகிறார்கள். அதிலுள்ள சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டுகள். புளூட்டோனியம்-239க்கு 24,000 ஆண்டுகள். அயோடின்-129க்கு ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

குளத்தில் காவல் நிற்கும் அதே தண்ணீர்தான் பூமிக்கடியில் எதிரி. பாறைக்குள் வைத்த கழிவு தானாக மேலே வராது. விரிசல்களில் ஊரும் நிலத்தடி நீர்தான் கலத்தை அரித்து, உள்ளே இருப்பதைக் கரைத்து, என்றோ ஒருநாள் யாருடைய கிணற்றிலோ கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆழத்தில் புதைக்கத் திட்டமிடுகிறவர்களின் கவலையெல்லாம் இந்த ஒரு வழியை அடைப்பதைப் பற்றித்தான்.

இந்த வேலையில் மற்ற நாடுகளைவிட முன்னே போயிருப்பது பின்லாந்து. அதன் மேற்குக் கரையில், யூராயோக்கி நகராட்சியைச் சேர்ந்த ஓல்கிலுவோட்டோ தீவில், சுமார் 430 மீட்டர் ஆழத்தில் ‘ஒன்கலோ’ சுரங்கம் இருக்கிறது. இடம் தேடத் தொடங்கியது 1980களில். தோண்டத் தொடங்கியது 2004-ல். 190 கோடி ஆண்டுப் பழைமையான பாறை அது. எரிபொருளை முதலில் வார்ப்பிரும்புச் சட்டத்தில் செருகுகிறார்கள். அதைச் சுற்றி 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள தாமிர உறை. உள்ளே எரிபொருளோடு ஒரு கலத்தின் எடை 20 டன்னைத் தாண்டும். சுரங்கத் தரையில் துளையிட்டு அதைச் செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் பென்டோனைட் களிமண் கட்டிகளை அடுக்குகிறார்கள். சென்னையில் பைலிங் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் களிமண் பழக்கமானது. துளையின் சுவர் சரியாமலிருக்கக் கரைத்து ஊற்றுவார்கள். ஒன்கலோவில் அதற்கு வேறு வேலை. நீர் பட்டதும் ஊதிப் பெருத்து, துளையில் இடைவெளியே இல்லாமல் இறுகிவிடும். அதன் பிறகு நீர் அதற்குள் ஓட முடியாது. மிக மெதுவாக ஊறத்தான் முடியும். கழிவின் சூடு இந்தக் களிமண்ணைக் கெடுத்துவிடக் கூடாது என்பதால், ஒரு கலத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்பதைக்கூடக் கணக்குப் போட்டே வைக்கிறார்கள்.

இத்தனை அடுக்குக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை. தீராததே நல்லது என்று நினைக்கிறேன். ஆக்சிஜன் இல்லாத நீரில் தாமிரம் அரிக்காது என்பது இந்த முறையின் அடித்தளம். முறையை வடிவமைத்த சுவீடனிலேயே, ஸ்டாக்ஹோம் கேடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் அப்படிப்பட்ட நீரிலும் அரிப்பு நடக்கிறது என்று 2007-ல் எழுதினார்கள். அங்கே இதே முறையில் கழிவைப் புதைக்கத் திட்டமிடும் நிறுவனம் மறுத்தது. அதன் அனுமதி விண்ணப்பம் சுற்றுச்சூழல் நீதிமன்றத்துக்குப் போனது. கலம் தாங்கும் என்பதற்கு இன்னும் ஆதாரம் வேண்டும் என்று 2018-ல் நீதிமன்றம் சொன்னது. கூடுதல் ஆய்வுகளைக் கொடுத்த பிறகு 2022-ல் சுவீடன் அரசு அனுமதி தந்தது. ஒரு உலோகத்தைப் பற்றிய வாதத்தை ஊரறிய நடத்திய இந்தத் தாமதத்தை வீண் என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன்.

அடுத்த கேள்வி பனியூழி. ஒரு காலத்தில் பின்லாந்தைக் கிலோமீட்டர் கணக்கில் தடிமனான பனிப்பாளம் அழுத்தியிருந்தது. அந்தப் பாரம் நீங்கிய ஓல்கிலுவோட்டோ நிலம் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த பனியூழி முடியும்போது, பனி உருகிய உப்பில்லாத நீர் ஆழத்துக்கு இறங்கினால் பென்டோனைட் கூழாகி விரிசல் வழியே கரைந்து போகக்கூடும். பாரம் விலகும்போது நிலநடுக்கமும் வரலாம். ஒரு லட்சம் ஆண்டுக் கணக்கில் இவை எல்லாவற்றையும் சேர்த்தே ஆக வேண்டும்.

தண்ணீரைக் கணக்கில் எடுக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் ஆஸ்ஸே இருக்கிறது. பழைய உப்புச் சுரங்கம். 1967 முதல் 1978 வரை குறைந்த, நடுத்தரக் கதிரியக்கக் கழிவு நிரப்பிய சுமார் 1,26,000 பீப்பாய்களை அங்கே இறக்கினார்கள். உப்பு இருக்கும் இடத்தில் நீர் இருக்காது என்பது நம்பிக்கை. ஆனால் அதே மலைத்தொடரில் முதலில் தோண்டிய சுரங்கம் 1906-லேயே வெள்ளத்தில் மூழ்கியிருந்தது! 1988-லிருந்து ஆஸ்ஸேவுக்குள் நீர் கசிகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 12,000 லிட்டர். கதிரியக்கம் கலந்த உப்புநீர் சுரங்கத்தில் இருப்பது 2008-ல் வெளியே தெரிந்து பெரும் கொந்தளிப்பானது. அத்தனை பீப்பாய்களையும் திரும்ப எடுக்க 2013-ல் சட்டமே போட்டார்கள். பொதுமக்களின் வரிப்பணத்தில் நடக்கப்போகும் வேலை அது. இடத்தைத் தேர்ந்தபோதும், கசிவு தொடங்கியபோதும் சுற்றியிருந்த ஊர்களிடம் யாரும் ஒழுங்காகப் பேசவில்லை.

யூராயோக்கியில் அப்படி நடக்கவில்லை. பின்லாந்துச் சட்டப்படி அங்குள்ள நகராட்சி மன்றம் ‘வேண்டாம்’ என்றால் திட்டம் அதோடு நின்றுவிடும். மன்றம் சம்மதித்த பிறகே 2001-ல் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. 2024-ல் எரிபொருள் இல்லாத கலங்களை வைத்து ஒத்திகை தொடங்கியது.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. வெப்பத்தைப் பாறை எப்படித் தாங்குகிறது என்று அறிய, கோலார் தங்கவயலில் கைவிடப்பட்ட ஒரு சுரங்கப் பகுதியில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில், 1980களில் பாபா அணு ஆராய்ச்சி மையம் சூடேற்றிகளை வைத்துச் சோதித்தது. அங்கே கழிவு எதுவும் வைக்கவில்லை. தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி உழைத்த அந்தச் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்ட பிறகு நீர் நிரம்பிக் கிடக்கின்றன. 2012 நவம்பரில், கூடங்குளம் கழிவு கோலாருக்கு வரப்போகிறது என்ற செய்தி பரவியதும் மக்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அப்படித் திட்டமில்லை என்று அரசு மறுத்தது. எரிபொருளை மறுசுத்திகரித்து மிச்சத்தைக் கண்ணாடிக் கட்டியாக்குவதால் கழிவு குறைவு, ஆழ்நிலப் புதைகுழிக்கு உடனடித் தேவை இல்லை என்கிறது அணுசக்தித் துறை. அளவு குறையும், ஆனால் அந்தக் கண்ணாடிக் கட்டிகளையும் ஒருநாள் எங்கோ இறக்கித்தான் ஆக வேண்டும். அவசரமில்லாத இந்த நேரத்திலேயே, எந்த ஊர் என்று தெரிவதற்கு முன்பே, மறுக்கும் உரிமையை ஊராட்சிக்கு எழுதித் தரும் சட்டம் வேண்டும். துளையிட்டு ஆராயும் பாறை விவரங்களும் நீர் விவரங்களும் முதல் நாளிலிருந்தே அந்த ஊர் மக்கள் கையில் இருக்க வேண்டும்.