கிளச்சை மிதிப்பது யார்?

யுத்த காலத்து வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு எம்.டி. 90 என்னும் சிறு மோட்டார் சைக்கிளை அறிமுகஞ் செய்துவைக்க வேண்டியதில்லை. யப்பான் தேசத்துத் தபாற்காரர்கள் கடிதங்களைச் சுமந்து திரிவதற்கென்றே ஹொண்டா நிறுவனம் ஆக்கிய அந்தச் சிவப்பு வண்டி, தன் சொந்த நாட்டில் உத்தியோக காலத்தை முடித்துக்கொண்டு கப்பலேறி வந்து, புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் விசுவமடுவிலும் நெல் மூடையையும் விறகையும் சில வேளை ஒரு குடும்பம் முழுவதையுமே ஏற்றிக்கொண்டு, குளக்கட்டு, காட்டுப் பாதை, வயல் வரம்பு என்ற பேதமின்றி ஓடியது. அதன் இடப்பக்கக் கைப்பிடியில் கிளச்சு கிடையாது. ஓட்டுபவர் காலால் கியரை மிதிப்பார். அந்த மிதியே உள்ளிருக்கும் கிளச்சை விலக்கிக் கொடுக்கும். புறப்படும்போதும் நிற்கும்போதும், சுழற்சியின் விசையால் கிளச்சு அலுவலைத் தானே பார்த்துக்கொள்ளும். எந்தக் கியர் வேண்டுமென்று தீர்மானிப்பவர் மனிதர். கிளச்சை இயக்குவது யந்திரம்.

இந்த வேலைப் பிரிவினையை மனத்திற் கொள்ளாமையாலேதான், ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி விவாதிப்போர், ஸ்ரியறிங் சில்லின் பின்புறத்தில் விரலால் இழுக்கும் தட்டுகளைப் பொருத்திய படில் கியர் உத்தமமா, இடக்காலால் கிளச்சை மிதித்துக் கையால் தடியை அசைக்கும் மனுவல் கியர் உத்தமமா என்ற வினாவை எடுத்த மாத்திரத்தில், முன்னதை யந்திரத்தின் கட்சியென்றும் பின்னதை மனிதனின் கட்சியென்றும் வகுத்துக்கொண்டு சண்டைக்கு நிற்கிறார்கள். உண்மையில் வினாக்கள் இரண்டு. கியரைத் தெரிவு செய்பவர் யார் என்பது ஒன்று. கிளச்சை மிதிப்பவர் யார் என்பது மற்றையது. மனுவலில் இரண்டையும் சாரதியே செய்கிறார். ஊரிலே ஓட்டோ கியர் என்று சொல்லப்படும் வகையில் இரண்டையும் யந்திரமே செய்கிறது. படில் கியரோ, நமது எம்.டி. 90 போலவே, தெரிவைச் சாரதிக்கு விட்டுக் கிளச்சைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் நடுத்தர மார்க்கம்.

கியர் எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்ஜின் ஒன்று குறித்த சுழற்சி வேகத்தில்தான் தன் முழுப் பலத்தையும் தரும். சில்லுகளோ நின்ற நிலையிலிருந்து அதிவேகம் வரை எல்லா வேகத்திலும் சுழல வேண்டியவை. இவ்விரண்டையும் இசைவிப்பதற்கே பல் சக்கரங்கள் வெவ்வேறு விகிதங்களில் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு விகிதத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது என்ஜினையும் கியர்ப் பெட்டியையும் கணநேரம் பிரித்து வைப்பது கிளச்சு. அந்தக் கணநேரத்தில் சில்லுகளுக்குப் பலம் போவதில்லை. பந்தயக்காரர்களின் கவலை முழுவதும் இந்தக் கணநேரத்தைப் பற்றியதே.

கியரைக் கைக்கருகில் கொண்டுவரும் எண்ணம் புதியதன்று. ஐம்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் காரில் கியர்த் தடி ஸ்ரியறிங் தண்டிலேயே பொருத்தப்பட்டிருந்தது. அந்தக் காரும் அதன் சகோதரங்களான கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் வடக்கிலும் வன்னியிலும் அரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடிருந்தமைக்குக் காரணம் பழைமைப் பற்று மாத்திரமன்று. 1990-இன் பின்னர் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அருமருந்தாகியபோது, குறைந்த அமுக்க விகிதங் கொண்ட அந்த முதிய என்ஜின்கள், காபுரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்துவிட்டால், பிற்பாடு மண்ணெண்ணெயிலேயே புகைத்துக்கொண்டு ஓடச் சம்மதித்தன. பற்றரியும் தடைப்பட்ட பொருளாயிருந்த அக்காலத்தில், நாலு பேர் பின்னால் நின்று தள்ள, சாரதி இரண்டாம் கியரைப் போட்டுக் கிளச்சைச் சட்டென்று விடுவார். சில்லுகள் என்ஜினைச் சுழற்றும். கார் இருமி எழும்பும். இன்றைய ஓட்டோ கியர் காரையோ படில் கியர் காரையோ அவ்விதம் தள்ளி எழுப்ப முடியாது. அவற்றின் கிளச்சை மூட எண்ணெய் அழுத்தமோ மின்சாரமோ முதலில் வேண்டும். அதற்கு என்ஜினோ பற்றரியோ முதலில் உயிரோடிருக்க வேண்டும். மனுவல் கியரின் புகழைப் பாடுகிற ஐரோப்பியப் பத்திரிகையாளர்கள் சாரதியின் பரவசத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்; வன்னிக்குத் தெரிந்த இந்தப் பெருங்குணத்தை அவர்கள் அதிகம் குறிப்பிடக் காணோம்.

பரவசம் என்பதும் வெறும் வார்த்தையன்று. பழைய லொறிகளை ஓட்டியவர்கள் ‘டபிள் கிளச்’ அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள்: கீழ்க்கியருக்கு இறங்குமுன் கிளச்சை ஒரு முறை மிதித்து விட்டு, என்ஜினைச் சற்று முறுக்கிச் சுழற்சியை உயர்த்தி, மீண்டும் மிதித்துப் பல்லைப் பல்லோடு சத்தமின்றிச் சேர்ப்பார்கள். மனுவல் ஸ்போர்ட்ஸ் காரைத் திறமையாக ஓட்டுபவர் இதனிலும் கடினமான ஒன்றைச் செய்கிறார். வளைவை நெருங்குகையில் வலக்காலின் முன்பாதத்தால் பிறேக்கை அழுத்தியபடியே, அதே காலின் குதியினாலோ விளிம்பினாலோ அக்சிலறேற்றரைத் தட்டி, இடக்காலால் கிளச்சை மிதித்து, இடக்கையால் கியரை இறக்கி, வலக்கையால் ஸ்ரியறிங்கைத் திருப்புகிறார். இரண்டு கையும் இரண்டு காலும் ஐந்து வேலையை ஒரே மூச்சில் செய்து முடிக்க, கார் சிறிதும் குலுங்காமல் வளைவுக்குள் நுழையும்போது, தேர்ந்த தவில் வித்துவான் தீர்மானம் வைத்துச் சமத்தில் வந்து நிற்கையில் அடைகிற திருப்தியைப் போன்ற ஒன்று சாரதிக்குக் கிடைக்கிறது. பிழைத்தாலோ அதன் தண்டனையும் பெரிது. ஐந்திலிருந்து நான்குக்குப் போவதாக நினைத்துத் தடியை இரண்டுக்குள் தள்ளிவிட்டால், சில்லுகளின் வேகம் என்ஜினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றிவிட, வால்வுகள் பிஸ்ரனில் மோதி முழு என்ஜினும் நாசமாகும். படில் கியரில் இந்த விபத்து நேராது. விபரீதமான கட்டளையைக் கணினி ஏற்க மறுத்துவிடும்.

பந்தயத்தில் மனுவலின் ஆட்சி முடிந்த கதை 1989-இல் தொடங்குகிறது. ஃபெராரி அணிக்காக ஜோன் பர்னாட் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் வடிவமைத்த 640 என்னும் ஃபோர்முலா வண் காரில், சாரதி கையை ஸ்ரியறிங்கிலிருந்து எடுக்காமலே, வலப்பக்கத் தட்டை இழுத்துக் கியரை ஏற்றவும் இடப்பக்கத் தட்டை இழுத்து இறக்கவும் முடிந்தது. கிளச்சையும் பற்களையும் மின்சாரத்தால் ஆளப்பட்ட எண்ணெய் அழுத்தம் இயக்கியது. பரீட்சை ஓட்டங்களில் ஓயாமல் பழுதாகி நின்ற அந்தக் கார், அவ்வருடத்து முதற் போட்டியான பிரேசில் பந்தயத்தை முடிக்குமென்று எவரும் நம்பவில்லை; அதை ஓட்டிய நைஜல் மன்செல் தாமே நம்பிக்கையிழந்து, நேரத்தோடு வீடு திரும்ப விமானச் சீட்டுப் பதிவு செய்து வைத்திருந்தாரென்று சொல்வதுண்டு. அன்று அவர் வென்றார். அதன்பின் கார் பல போட்டிகளில் பாதியில் நின்றதென்னவோ உண்மை. ஆயினும் ஏனைய அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வழியிலேயே வந்தன. 1995-இல் ஓடிய ஃபோர்ட்டி என்னும் சிறிய இத்தாலிய அணியின் கார்தான் ஃபோர்முலா வண்ணில் மனுவல் கியரோடு வந்த கடைசிக் கார். ஆகவே 2005-இல் ஜோர்டன் அணியில் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் இந்தியாவின் முதலாவது ஃபோர்முலா வண் சாரதியாக அமர்ந்தபோது, மாருதி 800-இன் என்ஜினைப் பொருத்திய ஃபோர்முலா மாருதிக் கார்களில் தொடங்கிய அவருடைய கைக்கும் படில் தட்டுகளே வேலை கொடுத்தன. நம்மூர் இளைஞர்கள் ‘தல’ என்று கொண்டாடும் நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் டுபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதே, அந்த அணி ஓட்டிய போர்ஷ் 911 கப் ரகத்திலும் 2013 முதல் படில் கியர்தான். பந்தயத்தைப் பொறுத்தவரை வழக்கு என்றோ முடிந்துவிட்டது. கையை விடாமல் திருப்பலாம், பிழைக்காமல் இறங்கலாம், சாமான்ய மனிதன் இமைப்பதற்குள் கியர் மாறிவிடும். வெற்றியே குறிக்கோளானால் வேறு நியாயம் கிடையாது.

வீதிக் கார்களுக்கு இந்த ஏற்பாடு 1997-இல் ஃபெராரி எஃப்355 வழியாக வந்தது. அது ஒற்றைக் கிளச்சை யந்திரத்தைக் கொண்டு மிதிப்பித்த ஏற்பாடாகையால், நகரத்து நெரிசலில் குலுங்கும். இதற்குப் பரிகாரமாக வந்ததுதான் இரட்டைக் கிளச்சு. அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1930-களிலேயே சிந்தித்த இந்த உபாயத்தை, எண்பதுகளில் போர்ஷ் தன் 962 பந்தயக் காரில் பரீட்சித்தது. 2003-இல் ஃபொக்ஸ்வாகன் பெருந்தொகையாக விற்கும் காரில் பொருத்தியது. ஒற்றை எண் கியர்களுக்கு ஒரு கிளச்சும் இரட்டை எண் கியர்களுக்கு மற்றொரு கிளச்சும் உண்டு. மூன்றாம் கியரில் கார் ஓடிக்கொண்டிருக்கையிலேயே நான்காம் கியர் மறு தண்டில் ஆயத்தமாகக் காத்திருக்கும். தட்டை இழுத்ததும் ஒரு கிளச்சு விலக மறு கிளச்சு ஒட்டும், பலம் அறுபடுவதில்லை.

இதன் பயன் எவ்வளவு? போர்ஷ் 911 ஜி.டி.3-இன் 992 ரகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே என்ஜின், ஒரே உடல், இரண்டு வகைக் கியரும் கிடைக்கும். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்டுவதற்கு இரட்டைக் கிளச்சுக் காருக்கு 3.4 செக்கன், மனுவலுக்கு 3.9 செக்கன். அரைச் செக்கன் என்பது பந்தயத்தில் பெரிய தூரம். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள்: மனுவல் கார் 1,418 கிலோகிராம், மற்றையது 1,435, உச்ச வேகத்தில் மனுவல் 320, மற்றையது 318. இன்னும் ருசிகரமான செய்தி, இதே நிறுவனம் 2013-இல் ஜி.டி.3-இலிருந்து மனுவலை முற்றாக நீக்கி, ‘இதுவே வேகமானது, ஆகவே இதுவே போதும்’ என்ற தோரணையில் நின்றமை. வாங்குவோர் சமாதானமடையவில்லை. 2016-இல் மனுவல் மாத்திரமே கொண்ட 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கையில் மாத்திரம் ஆக்கினார்கள், 2017-இல் ஜி.டி.3-க்கும் மனுவல் திரும்பி வந்தது. தாம் வாங்குவது மெதுவான கார் என்பதை அறிந்தே அதை வாங்கியவர்களை மூடர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு வேண்டியது நேரம் அன்று, வேலை.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தையும் ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன், ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் ஐவேசு எனக்கில்லாவிட்டாலும். பந்தயத் தடத்தில் நேரத்தை அளந்து ஓட்டுபவர் படில் கியரையே எடுக்க வேண்டும். 1934 முதல் மோட்டார் பந்தயக்காரர் ஏறிவரும் நுவரெலியா மககஸ்தொட்டைப் போன்ற மலைப் பாதையை நினைத்து இன்புறுபவர் மனுவலை எடுக்கலாம்; ஏனெனில் வளைவுக்கு வளைவு செய்வதற்கு அங்கே வேலையுண்டு. கண்டி வீதியிலே ஓமந்தைக்கும் பரந்தனுக்கும் இடையில் இரண்டும் ஒன்றே. நகருக்கு வெளியே காருக்கு விதிக்கப்பட்ட மணிக்கு 70 கிலோமீற்றர் எல்லையை அத்தகைய காரொன்று இரண்டாம் கியர் முடியுமுன்னே தாண்டிவிடும். அதற்குமேல் முறிகண்டியில் கச்சான் வாங்க நிறுத்துவதும் மாடு குறுக்கிட்டால் பிறேக் பிடிப்பதுமே மிச்சம்.

சாதாரணக் கார்களிலும் இன்று படில் தட்டுகள் வருவதால் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. தட்டு இருப்பதனாலேயே உள்ளே பல் சக்கரக் கியர் இருக்கிறதென்று எண்ணலாகாது. கூம்பு வடிவக் கப்பிகளின் நடுவே பட்டியொன்று நகர்ந்து விகிதத்தை மாற்றும் சி.வி.ரி. வகையில் நிலையான கியர் எதுவுமே கிடையாது. தட்டை இழுக்கும்போது கணினி ஒரு விகிதத்தில் நிறுத்திக் கியர் மாறியதாக நடிக்கிறது. ஹைபிரிட் கார்கள் சிலவற்றில் அதே தட்டுகள், காரின் ஓட்டத்தைக் குறைத்து மின்சாரத்தைப் பற்றரிக்கு மீட்கும் அளவையே கூட்டிக் குறைக்கின்றன. 2023-இல் வந்த ஹியுண்டாய் அயோனிக் 5 என் என்ற மின்சாரக் காரிலோ நடிப்பு உச்சத்தை எட்டியிருக்கிறது: கியரே இல்லாத அந்தக் கார், தட்டை இழுத்ததும் மோட்டாரின் பலத்தை வேண்டுமென்றே வெட்டி, காரை ஒரு குலுக்குக் குலுக்கி, ஒலிபெருக்கியில் என்ஜின் சத்தத்தையும் எழுப்புகிறது. நீக்குவதற்கு நூறு வருடம் பாடுபட்ட குலுக்கலை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

நம்மவர்களுக்கு நடைமுறையில் எதிர்ப்படுவது போர்ஷ் அன்று, பாவித்த ஹொண்டா வெசல்தான். 2013-இன் இறுதியில் வந்த அதன் முதல் ஹைபிரிட் ரகத்தில் இருப்பது மெய்யான ஏழு கியர் இரட்டைக் கிளச்சுப் பெட்டி. சிலவற்றில் படில் தட்டுகளும் உண்டு. அதே பெட்டியைக் கொண்ட ஃபிட் ஹைபிரிட்டை யப்பானிலேயே ஓராண்டுக்குள் பல தடவை திருப்பியழைத்துக் கியரை ஆளும் மென்பொருளைத் திருத்த நேர்ந்தது. எண்ணெயில் நனையாத உலர்ந்த கிளச்சு அது. சன நெரிசலில் பிறேக்கைப் பாதி விட்டு அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளச்சு சூடேறித் தேயும். ஊராமல், இடைவெளி விழும்வரை நின்று பின் ஓடுவது அதற்கு நல்லது. வாங்குபவர் என்ஜின் குளிர்ந்திருக்கையில் ஒரு தடவையும், அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பின் ஏற்றமொன்றில் நிறுத்தி எடுத்து இன்னொரு தடவையும் பார்க்க வேண்டும். புறப்படும்போது நடுக்கமிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பதிலும் பார்க்க விட்டுவிடுவதே மேல். மனுவல் காரின் கிளச்சுத் தட்டைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உள்ள ஒரு நல்ல கராச்சில் மாற்றிவிடலாம். இரட்டைக் கிளச்சுக்குக் கணினியும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் வேண்டும்.