தொலைபேசி நின்ற பிறகு எழுத்தில் ஒரு செய்தி



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைத் தொட்டு, உடனே நகர்ந்து போகாமல் பல மணி நேரம் அங்கேயே நின்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். செஞ்சிக்குக் கிழக்கே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இப்படிப்பட்ட நாட்களில் முதலில் மின்சாரம் போகிறது. கைபேசிக் கோபுரங்கள் பேட்டரியிலும் டீசலிலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பிறகு அவையும் ஒவ்வொன்றாக அடங்கிவிடும். அந்த நேரத்தில் மேல்மலையனூர் போன்ற ஓர் ஊரிலிருந்து, "பிரசவ கேஸ், இரத்தம் வேண்டும், எந்த ரோடு திறந்திருக்கிறது?" என்று கேட்டு அனுப்ப என்ன வழி?

இதற்கு ஹாம் ரேடியோ என்ற அமெச்சூர் வானொலி ஒரு வழி. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் தொலைபேசி அறுந்துபோனதும், ஏற்கெனவே வேறொரு வானொலி நிகழ்ச்சிக்காகப் போர்ட் பிளேயரில் இருந்த பாரதி பிரசாத் அம்மையாரின் குழு, தீவுகளிலிருந்து செய்திகளைக் கரைக்கு அனுப்பியது எல்லாரும் அறிந்த விஷயம். அது குரல் வழிச் செய்தி. நாங்கள் இந்த இதழில் விளக்க விரும்புவது அதன் எழுத்து வழியான தம்பியை. அதற்குப் பெயர் பேக்கெட் ரேடியோ.

குரல் இருக்கும்போது எழுத்து எதற்கு என்று கேட்பீர்கள். மருந்துப் பட்டியலை இரைச்சலான ரேடியோவில் வாசித்துப் பாருங்கள். "பதினைந்து" என்றது "ஐந்து" என்று கேட்கும். இரத்த வகையில் பாசிட்டிவா நெகட்டிவா என்று மூன்று முறை கேட்கவேண்டும். பேக்கெட் ரேடியோவிலோ செய்தி சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டுப் போகிறது. ஒரு பொட்டலத்தில் அதிகபட்சம் 256 எழுத்துகள். ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புபவர், பெறுபவர் விலாசம். வாலில் ஒரு சரிபார்ப்பு எண். வழியில் ஓர் எழுத்து கெட்டாலும் அந்த எண் ஒத்துப்போகாது. பெறும் நிலையம் அதை ஏற்காது. சரியாய் வந்தது என்ற பதில் கிடைக்கும்வரை அனுப்பும் நிலையம் திரும்பத் திரும்ப அனுப்பும். இந்த ஒழுங்குமுறைக்கு ஏ.எக்ஸ்.25 என்று பெயர். ஆனால் தட்டச்சு செய்தவரே 5-க்குப் பதில் 50 என்று அடித்திருந்தால், அந்தத் தப்பும் பழுதில்லாமல் போய்ச் சேரும் என்பதை மறக்கவேண்டாம்.

1978 மே மாதம் கனடாவின் மான்ட்ரியாலில் ஹாம்கள் முதன்முதலாக இப்படிச் செய்தி அனுப்பினார்கள். 1980களில் அமெரிக்காவின் டூசன் நகரத்து ஹாம் சங்கம் ஒன்று, யாரும் வாங்கிப் பூட்டிக்கொள்ளக்கூடிய விதமாகக் கருவிகளை விற்கத் தொடங்கியது. மருத்துவ ஊழியத்துக்கும் இது புதிதல்ல. இருதய மருத்துவர் பெர்னார்ட் லோன் தொடங்கிய சாட்டல்லைஃப் என்ற அமைப்பு, 1990களில் இதே பொட்டல முறையில் சிறு செயற்கைக்கோள்கள் வழியாக ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்குக் கடிதங்களும் மருத்துவச் செய்திகளும் அனுப்பிவந்தது. கோள் ஓர் ஊரின் மேலே வரும்போது கடிதத்தை வாங்கிக்கொண்டு, இன்னோர் ஊரின் மேலே போகும்போது இறக்கிவிடும்; தபால்காரர் மாதிரி. நம் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் உருவாகி 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 40 கிலோ எடையுள்ள அனுசாட்டும், செய்தியை வாங்கிவைத்துப் பின்னர் கொடுக்கும் இந்த வேலையைச் சோதித்துப் பார்க்கவே போனது. 2012-இல் அதன் ஆயுள் முடிந்தது.

இனி தரைக்கு வருவோம். தேவையானவை மூன்று. ஒன்று, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் பேசும் ஒரு ரேடியோ. இரண்டு, டி.என்.சி. என்று சொல்லப்படும் ஒரு சிறிய பெட்டி. எழுத்தை 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுருதிகளாக மாற்றி ரேடியோவின் மைக்குக்குக் கொடுப்பதும், ஸ்பீக்கரில் வருவதை மறுபடி எழுத்தாக்குவதும் அதன் வேலை. மூன்றாவது, டெர்மினல் மென்பொருள் உள்ள ஒரு கம்ப்யூட்டர். டெர்மினல் என்பது பெரிய புத்திசாலியான மென்பொருள் அல்ல. நீங்கள் அடிப்பதைப் பெட்டிக்குக் கொடுக்கும், பெட்டி சொல்வதைத் திரையில் காட்டும், அவ்வளவுதான். பழைய காலத்தில் புரோகாம், டெலிக்ஸ் என்பவை இருந்தன. விண்டோஸ் 95 முதல் எக்ஸ்.பி. வரை ஹைப்பர்டெர்மினல் கூடவே வந்தது. விஸ்டாவிலிருந்து அது நீக்கப்பட்டது. இப்பொழுது புட்டி, டெராடெர்ம் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன.

பெரும்பாலானோர் திணறுவது முதல் பத்து நிமிடங்களில்தான். ஆகையால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறோம்.

டி.என்.சி.யிலிருந்து சீரியல் கேபிள் கம்ப்யூட்டருக்கு வருகிறது. இன்றைய கம்ப்யூட்டர்களில் அந்தத் துளையே இல்லை; யூ.எஸ்.பி. மாற்றி ஒன்று வாங்கிச் செருகவேண்டும். செருகியதும் விண்டோஸ் அதற்கு காம்3, காம்5 என்று ஓர் எண் கொடுக்கும். அந்த எண்ணை டிவைஸ் மானேஜரில் பார்த்து டெர்மினலில் குறிப்பிடவேண்டும். பிறகு வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1 என்று வைத்துப் பெட்டியை இயக்கினால், அதன் பெயரும் கீழே "சி.எம்.டி" என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு முக்காற்புள்ளியும் தோன்றும். அது தோன்றினால் பாதி வேலை முடிந்தது.

ஒன்றுமே தோன்றாவிட்டால், போர்ட் எண் தவறு அல்லது கேபிள் சரியில்லை. கோழி கிறுக்கியதுபோல் ஏதோ வந்தால், வேகம் பொருந்தவில்லை. அல்லது பழைய பெட்டிகளின் வழக்கப்படி அது 7 பிட், ஈவன் பாரிட்டி என்று எதிர்பார்க்கிறது. ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரிந்தால், டெர்மினலும் எதிரொலிக்கிறது, பெட்டியும் எதிரொலிக்கிறது. டெர்மினலில் உள்ள லோக்கல் எக்கோவை நிறுத்திவிடுங்கள். இங்கே 9600 என்பது கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள வேகம் மட்டுமே. ஆகாயத்தில் செய்தி போவது விநாடிக்கு 1200 பிட் வேகத்தில். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மணிக்கணக்காய் உட்காருகிறவர்கள் உண்டு.

அடுத்து, கட்டளைகள். அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்கவேண்டும்; இங்கே ஒலிப்பைத் தருகிறோம். "மைகால்" என்று அடித்து, அரசு கொடுத்த உங்கள் அழைப்புக்குறியைச் சேர்க்கவேண்டும். அது இல்லாமல் அனுப்பக்கூடாது. "மானிட்டர் ஆன்" என்றால் ஆகாயத்தில் யார் யாருக்கு என்ன அனுப்புகிறார்கள் என்பது திரையில் ஓடும். "எம்ஹெர்ட்" என்றால் இதுவரை கேட்ட நிலையங்களின் பட்டியல் வரும். "கனெக்ட்" என்று அடித்து எதிர் நிலையத்தின் குறியைக் கொடுத்தால் இணைப்பு உண்டாகி, அடிப்பதெல்லாம் அவருக்குப் போகும். மறுபடி பெட்டியோடு பேசவேண்டுமானால் கன்ட்ரோல் விசையோடு சி. பிறகு "டிஸ்கனெக்ட்". புதிதாய்க் கற்பவர் கன்ட்ரோல்-சி அழுத்த மறந்து, கட்டளையையே எதிராளிக்கு அனுப்பிவிடுவது வழக்கம். பாதகமில்லை, சிரித்துக்கொள்வார்கள்.

"டிஎக்ஸ்டிலே" என்ற ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். பொத்தானை அழுத்தியவுடனே ரேடியோ பேசத் தொடங்குவதில்லை. ஒரு கணம் மூச்சு வாங்கும். அதற்குள் பெட்டி செய்தியைக் கொட்டிவிட்டால் தலைப்பகுதி வெட்டுப்பட்டு ஒன்றும் போய்ச்சேராது. ஆகையால் இந்த எண்ணை 30 என்று வைத்துத் தொடங்கலாம். ஒன்றுக்கு நூறில் ஒரு விநாடி கணக்கு. 30 என்றால் 0.3 விநாடி. ஒலி அளவையும் அதிகமாக வைக்கவேண்டாம். உரக்கக் கத்தினால் எதிராளிக்கு நன்றாகக் கேட்கும் என்ற நினைப்பு இங்கே செல்லாது, சுருதி கலைந்துவிடும்.

பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு டைர்வுல்ஃப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கம்ப்யூட்டரின் ஒலி அட்டையையே அது டி.என்.சி.யாக மாற்றிவிடுகிறது. இதற்கு சாதாரண டெர்மினல் போதாது. ஈஸிடெர்ம் போன்ற, ஏ.எக்ஸ்.25 அறிந்த டெர்மினல் வேண்டும். இதேபோல் பெட்டியை "கிஸ்" என்ற நிலையில் யாராவது விட்டுவிட்டுப் போயிருந்தால், புட்டியில் நீங்கள் எதை அடித்தாலும் அது பதில் சொல்லாது. 192, 255, 192 என்ற மூன்று எண்களுக்குரிய குறிகளை அனுப்பினால் பெரும்பாலான பெட்டிகள் பழைய நிலைக்குத் திரும்பும்.

தமிழில் அனுப்பலாமா? அனுப்பலாம், ஆனால் விலை அதிகம். யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிக்கிறது. "இரத்தம்" என்ற சொல்லுக்கு 21 பைட். அதையே ஆங்கிலத்தில் எழுதினால் 5. இருபக்க டெர்மினலும் யூ.டி.எஃப்-8 என்று அமைந்திருக்கவேண்டும். 7 பிட் அமைப்பில் தமிழ் முழுவதும் சிதைந்துபோகும். விநாடிக்கு 1200 பிட்டே உள்ள பாதையில், பழைய தந்தியைப்போல் சுருக்கமான ஆங்கிலமோ, ஆங்கில எழுத்தில் தமிழோ நல்லது என்பது எங்கள் எண்ணம்.

தூரம் எவ்வளவு போகும்? இந்த அலைகள் கண்ணுக்கெட்டும் நேர்கோட்டில் போகிறவை. இருபுறமும் 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால், தடையில்லாத சமவெளியில் ஏறக்குறைய 26 கிலோமீட்டர் என்று கணக்கு. மேல்மலையனூரிலிருந்து செஞ்சி சுமார் 20 கிலோமீட்டர்தான். காகிதத்தில் எட்டும், ஆனால் நடுவே உள்ள கருங்கல் குன்றுகள் காகிதத்தில் இல்லை. ராஜகிரி உச்சியில் ஓர் ஆன்டெனா வைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று யாருக்கும் தோன்றும். அந்தக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அந்த ஆசையை விட்டுவிடலாம். அதற்குப் பதிலாக, இடையிலுள்ள ஓர் ஊரில் உயரமான ஒரு வீட்டு மாடியில் இன்னொரு ஹாமின் நிலையம் இருந்தால் போதும். அவருடைய டி.என்.சி. ஒரு பொட்டலத்தைக் கேட்டு அதே அலைவரிசையில் திரும்பச் சொல்லும். இதை டிஜிபீட்டர் என்பார்கள். கனெக்ட் கட்டளையோடு "வயா" என்று அவருடைய குறியைச் சேர்த்தால் அவர் வழியாகப் போகும்.

சட்டத்தைப்பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். உரிமம் இல்லாமல் இந்த ரேடியோவை வைத்திருப்பதே குற்றம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி அனுப்பிவிடவேண்டாம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் தேர்வு எழுதி உரிமம் பெறவேண்டும். 12 வயது முடிந்தவர்கள் எழுதலாம்; கட்டுப்பாடுள்ள முதல் நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தந்திக் குறியும் தேவையில்லை. மருத்துவமனையின் அன்றாட வேலைக்கு இதைத் தொலைபேசிபோல் உபயோகிக்க அனுமதி இல்லை. மேல்மலையனூரில் அமாவாசை இரவில் அங்காளம்மன் கோயிலுக்கு வரும் பெருங்கூட்டத்தில் கைபேசி லைன் கிடைக்காமல் போனாலும், அந்த நெரிசலுக்காக இதை எடுக்கக்கூடாது. பேரிடரில் வழக்கமான தொடர்புகள் செயலிழந்து, அதிகாரிகள் கேட்டுக்கொள்ளும்போதே பிறருக்கான செய்திகளைக் கொண்டுபோகலாம்.

இன்னொன்று, இரகசியக் குறியீடு கூடாது. நீங்கள் அனுப்புவதை, மானிட்டர் ஆன் என்று வைத்திருக்கும் எவரும் வாசிக்கலாம். ஆகவே நோயாளியின் பெயரையும் வியாதியையும் எழுதாமல், "பெண், 26, பி நெகட்டிவ், 2 யூனிட்" என்ற அளவில் நிறுத்திக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை. எச்.ஐ.வி., மனநோய், கருக்கலைவு போன்றவற்றை எந்தச் சூழ்நிலையிலும் ஆகாயத்தில் ஏற்றக்கூடாது.

இதற்கு உதவ விரும்பும் சபைகள் முதலில் ரேடியோ வாங்கித் தரவேண்டாம். வாலிபர் கூட்டத்தில் கம்ப்யூட்டரில் ஆர்வமுள்ள இரண்டு பிள்ளைகளைத் தேர்வுக்குப் படிக்கவையுங்கள். அழைப்புக்குறி கையில் வந்தபின் கருவியைப்பற்றி யோசிக்கலாம். கருவி வந்தபின் மின்சாரம் என்ற கேள்வி வரும். அதற்கு 12 வோல்ட் டிராக்டர் பேட்டரி ஒன்று போதும். டி.என்.சி. மிகக் கொஞ்சமே குடிக்கும், ரேடியோவும் கேட்டுக்கொண்டிருக்கும்போது அதிகம் கேட்காது. பேட்டரியை வேகமாகக் காலிசெய்வது கம்ப்யூட்டர்தான். ஆகையால் திரை சிறியதாயுள்ள பழைய மடிக்கணினியைத் தேடுங்கள், மாதம் ஒருமுறை சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு முழு அமைப்பையும் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.