எனோஷிமா கடலில் நேத்ரா குமணன்

ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணான சென்னையின் நேத்ரா குமணன், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் நடந்த எனோஷிமா கடலில் இறங்கினார். அவர் செலுத்திய லேசர் ரேடியல், ஏறத்தாழ 4.2 மீட்டர் நீளமுள்ள, ஒற்றைப் பாயுடன் ஒருவரே ஓட்டும் டிங்கி, அதாவது எடைமிக்க அடிக்கட்டை இல்லாத சிறுபடகு. எல்லோருக்கும் ஒரே வகைப் படகு என்பதால், வெற்றியை முடிவுசெய்வது ஓட்டுபவரின் உடல்வலுவும் காற்றைக் கணிக்கும் திறனுமே. காற்று பலக்கும்போது, தளத்திலுள்ள பட்டையில் பாதங்களை மாட்டிக்கொண்டு, உடலை விளிம்புக்கு வெளியே சாய்த்துப் படகு கவிழாமல் தாங்க வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்திலும் பெறும் இடமே புள்ளியாகக் கூட்டப்பட்டு, மிக மோசமான ஒன்று மட்டும் கழிக்கப்படுவதால், ஒரு நாள் முந்துவதைவிட எல்லா நாளும் தடுமாறாதிருப்பதே முக்கியம். டோக்கியோவில் நேத்ரா 44 பேரில் 35ஆம் இடம் பெற்றது, பெருஞ்செலவு கோரும் இவ்விளையாட்டில் மதிக்கத்தக்க தொடக்கமே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அவர் பங்கேற்றார்.