கல்லில் நார் உரிக்கலாம், சுவரில் ஒட்டலாமா?

கல்லிலே நார் உரிக்க முடியுமா என்று பேச்சுக்குக் கேட்போம். இப்போது உரித்தே காட்டிவிட்டார்கள்! சிலேட்டுக் கல், புத்தகத்தின் ஏடுகளைப் போல அடுக்கடுக்காகப் பிளவுபடும் இனம். அதன் மேல் செயற்கைப் பிசினைத் தடவிக் கண்ணாடி நாரிழைத் துணியை ஒட்டுகிறார்கள். இறுகியதும் உரித்தால், துணியோடு ஒரு மெல்லிய கல் ஏடும் வந்துவிடுகிறது. தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர்தான். லேசாக வளையும், உருண்டைத் தூணைச் சுற்றிக்கூட ஒட்டலாம். ‘ஃப்ளெக்ஸிபிள் ஸ்டோன்’ என்று கடைகளில் விற்பது இதுதான்.

பார்க்க அழகு, சந்தேகமில்லை. ஆனால் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதல்லவா நம் கேள்வி! கல் உழைக்கும். அதைப் பிடித்திருக்கும் பசையும், பசையைத் தாங்கும் சுவரும் உழைக்குமா என்றுதான் பார்க்க வேண்டும்.

எங்கள் கீழச்சிவல்பட்டியில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். “ஆச்சி, உள்ரூம் சுவத்துல ரெண்டடி உசரத்துக்குக் காரை பொரிஞ்சு கொட்டுது. ஒரே பூசண வாடை. பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் இருமல். பழைய பூச்சைக் கொத்திட்டு வளையுற கல்லை ஒட்டிட்டா சரியாப் போயிடும்ல?” என்றாள்.

“ஓதம் கண்ணுக்கு மறையும்மா, சுவத்தை விட்டுப் போகாது” என்றேன்.

காரணம் இருக்கிறது. செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சு சாமானியமானதல்ல. நீற்றின சுண்ணாம்பில் மணல் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசுவார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பளபளவென்று மெருகேற்றுவார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே இறுகிவிடும். ஆக, நம் சுவர்களுக்கும் கல் போர்வைதான்! ஆனால் இந்தப் போர்வை மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியே ஆவியாகி வெளியேறிவிடும்.

பிசின் தடவிய கல் ஏடு அப்படி விடாது. ஈரம் பின்னால் தேங்கும். அதோடு வரும் உப்பு பூச்சைப் பொரித்துத் தள்ளும். பசை பிடி விடும். உள்ளே பூசணம் வளர்ந்தாலும் தெரியாது. ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், இளைப்பு, ஆஸ்துமா அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் சொல்கிறது. தவிர, கொத்திப் போட்ட முட்டைப் பூச்சைத் திரும்பக் கொண்டுவருவது லேசல்ல. அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள்.

சுவரைப் போய்ப் பார்த்தோம். முன்பு யாரோ அடிச்சுவரில் சிமெண்டு பூசியிருந்தார்கள். வெளியே கூரைத் தண்ணீர் சுவரோரமே விழுந்துகொண்டிருந்தது. தண்ணீரைத் தள்ளி விழச் செய்து, சிமெண்டை எடுத்துவிட்டு, காயவிட்டுச் சுண்ணாம்பே பூசினார்கள். குழந்தையை டாக்டரிடமும் காட்டச் சொன்னேன். அதுவரை வேறு அறையில் படுக்க வைத்தாள். அடுத்த ஐப்பசி மழையில் அந்த வாடை இல்லை. புதிதாகக் கட்டிய முன் அறையில், காய்ந்த சிமெண்டுச் சுவர் ஒன்றில் மட்டும், ஆசைப்பட்ட கல்லை ஒட்டிக்கொண்டாள். நன்றாகவே இருக்கிறது.

நீங்களும் ஒட்டுவதானால் இவற்றைக் கவனியுங்கள்:

* ஒரு முழ பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் முத்து கட்டினால் சுவரில் ஈரம் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஒட்ட வேண்டாம்.

* உதிரும் சுண்ணாம்பும் பழைய பெயிண்டும் பசையைப் பிடிக்காது. சுவர் சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும்.

* அடுப்புக்குப் பின்னால் வேண்டாம். கல் எரியாது, பின்னாலுள்ள பிசினுக்கு நெருப்பு ஆகாது. அங்கே ஓடு பதிப்பதே நல்லது.

* வெளிச்சுவருக்கென்றால், வெயில் மழை தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

* கறை பிடிக்காதிருக்க மேலே ‘சீலர்’ பூச வேண்டும். அது தேயத் தேய மறுபடி பூச வேண்டும். எலுமிச்சை, வினிகர், ஆசிட் கூடாது. ஈரத் துணி போதும்.

* ஒட்டும் நாட்களில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பசை வாடை அடங்கும் வரை கைக்குழந்தையும் கர்ப்பிணியும் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் ஒரு மழைக்காலம் உங்கள் சுவரைக் கவனித்துவிடுங்கள். பணமும் மிச்சம், பிள்ளைகளின் உடம்புக்கும் நல்லது.