திரை மலையும் தரை மலையும்

சிறிய ரக விமானங்களின் விமானி அறையில் வரிசையாக அமைந்திருந்த முள் அளவுமானிகள் நீங்கி, அவற்றின் இடத்தில் வண்ணத் திரைகள் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. கார்மின் ஜி1000 போன்ற இக்கருவிகள் இன்று இந்தியப் பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் செஸ்னா 172 விமானங்கள் பலவற்றிலும் உள்ளன. விமானத்தின் இருப்பிடத்தை ஜி.பி.எஸ். வழியாக அறிந்து, நினைவகத்தில் உள்ள நில உயரங்களோடு ஒப்பிட்டு, விமானத்தின் மட்டத்துக்கு மேலோ அதற்குக் கீழே 100 அடிக்குள்ளோ உள்ள நிலத்தை இவை சிவப்பாகவும், 100 முதல் 1,000 அடி வரை கீழே உள்ள நிலத்தை மஞ்சளாகவும் தீட்டிக் காட்டுகின்றன. ‘செயற்கைக் காட்சி’ எனப்படும் வசதி சேர்ந்துவிட்டால், இருட்டிலும் மேகத்துக்குள்ளும் எதிரே உள்ள மலைகள் முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கும். இவ்வளவும் முன்பே அளந்து சேமித்து வைத்த எண்களிலிருந்து வரையப்படுபவை. எதிரே நிற்கும் மலையை நேரில் உணரும் உறுப்பு எதுவும் இக்கருவியில் இல்லை.

அந்த எண்கள் வந்த வழிகளில் முதன்மையானது 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் மேற்கொண்ட 11 நாள் பயணமாகும். ஓடத்தில் ஒன்றும், அதிலிருந்து 60 மீட்டர் நீண்ட கம்பத்தின் நுனியில் மற்றொன்றுமாகப் பொருத்தப்பட்ட ரேடார் அலைவாங்கிகள், ஒரே இடத்திலிருந்து திரும்பி வந்த அலைகளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் பதிவு செய்ய, அந்த வேறுபாட்டிலிருந்து நிலத்தின் உயரம் கணிக்கப்பட்டது. வட அட்சரேகை 60 பாகைக்கும் தென் அட்சரேகை 56 பாகைக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பு, அதாவது உலக நிலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு, இவ்வாறு அளக்கப்பட்டது. அரிய சாதனைதான், ஆயினும் அதன் குறைகளும் அளந்த முறையிலேயே உள்ளன. அடர்ந்த காட்டில் ரேடார் அலை தரையை முழுமையாக எட்டாமல் மரக்கிளைகளிடையே திரும்பிவிடுவதால், பதிவான உயரம் தரைக்கும் மர உச்சிக்கும் இடையில் எங்கோ நிற்கிறது. செங்குத்தான மலைச்சரிவுகளில் ஒரு முகடு மற்றொன்றை மறைத்துவிட, அங்கே தரவே இல்லாத வெற்றிடங்கள் உண்டாயின. பின்னர் அவை வேறு வரைபடங்களைக் கொண்டு நிரப்பப்பட்டன. விமானிக்கு மிகவும் தேவைப்படும் இடமான மலைப்பகுதியில்தான் அளவீடு மிகவும் தடுமாறுகிறது.

அளந்த நிலம் விமானக் கருவிக்குள் கட்டம் கட்டமாகவே சேமிக்கப்படுகிறது. கட்டத்தின் பக்கம் ஆர்க் செகண்டில், அதாவது ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கில், குறிக்கப்படும். ஓர் ஆர்க் செகண்ட் தரையில் ஏறத்தாழ 30 மீட்டர். தொடக்ககாலக் கருவிகளில் 30 ஆர்க் செகண்ட் கட்டங்களும், பின்னர் 9 ஆர்க் செகண்ட் கட்டங்களும், அதனினும் நுண்ணியவையும் வந்தன. 9 ஆர்க் செகண்ட் கட்டம் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 270 மீட்டர். 100 நாட் வேகத்தில் செல்லும் விமானம் அதைக் கடக்க ஐந்து விநாடிக்குச் சற்று மேல் ஆகும். இந்தப் பரப்பு முழுவதற்கும் சேமிக்கப்படுவது ஒரே ஓர் உயரம். அதற்குச் சராசரியை எடுத்துக்கொண்டால் ஐம்பது மீட்டர் அகலமுள்ள கூரிய முகடு மழுங்கித் தாழ்ந்துவிடுகிறது. உச்ச உயரத்தை எடுத்துக்கொண்டாலோ முகடு தப்பிவிடும், ஆனால் குறுகிய பள்ளத்தாக்கு மேடாகி, அங்குள்ள ஓடுபாதையை நெருங்கும்போதெல்லாம் காரணமில்லாத எச்சரிக்கை ஒலிக்கும். கட்டங்களுக்கு இடையே மென்பொருள் வழவழப்பாக இழைத்துத் தரும் சரிவைப் பார்க்கும் கண்ணுக்கு இவை எதுவும் புலப்படுவதில்லை. திரையின் நேர்த்தி தரவின் நேர்த்தியாகத் தோன்றிவிடுவதே இக்கருவிகளின் பெரிய சிக்கல்.

நிலத்தின் உயரம் சரியாகவே இருந்தாலும், விமானத்தின் உயரத்தை எதைக் கொண்டு அளப்பது என்பது அடுத்த கேள்வி. ஜி.பி.எஸ். முதலில் தருவது, பூமியை ஒழுங்கான நீள்வட்டத் திரளாகக் கொண்டு கணித்த உயரம். ஈர்ப்பு விசை எங்கும் சமமாக இல்லாததால் உண்மையான கடல்மட்டம் அந்தக் கணித வடிவத்திலிருந்து மேலும் கீழுமாக விலகுகிறது. உலகிலேயே மிக ஆழமான விலகல் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அங்கே கடல்மட்டம் கணித வடிவத்தைவிட ஏறத்தாழ 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. கருவி இதைத் திருத்திக்கொள்கிறது என்றாலும், விமானியின் காற்றழுத்த உயரமானி வேறொரு கணக்கில் இயங்குகிறது. காற்று வழக்கத்தைவிட 10 பாகை செல்சியஸ் குளிர்ந்தால், அழுத்த அளவு பெறப்பட்ட நிலையத்துக்கு மேலுள்ள உயரத்தில் ஏறத்தாழ 4 விழுக்காடு குறைந்துவிடும். உயரமானி அதை அறியாமல் பழைய எண்ணையே காட்டும். ஆகவே நில எச்சரிக்கைக்கு ஜி.பி.எஸ். உயரத்தையும் பறத்தலுக்கு அழுத்த உயரத்தையும் கொண்ட ஒரே திரையில் இரண்டும் நூற்றுக்கணக்கான அடி வேறுபடலாம்.

மனிதர் எழுப்பிய கோபுரங்கள் தனிக் கோப்பில் உள்ளன. அமெரிக்காவில் அரசின் தடைகள் கோப்பு 56 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. எனினும் பொதுவாக 200 அடிக்கு மேற்பட்ட கட்டுமானங்களையே அறிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. காற்றாலை அமைக்கும் முன் காற்றின் வேகத்தை அளக்க நடப்படும் மெல்லிய கம்பங்கள் பலவும் 200 அடிக்குச் சற்றே குறைவாக நிற்பவை. வயல்களுக்கு மருந்து தெளிக்கத் தாழப் பறந்த விமானிகள் இவற்றில் மோதி இறந்ததை அடுத்து, அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2013இல் இக்கம்பங்களைப் பதிவு செய்து அடையாளமிட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பள்ளத்தாக்கின் குறுக்கே தொங்கும் மின்கம்பிகளும் பல கருவிகளின் திரைக்கு வராதவையே.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, ஒரு நாட்டின் முழுப் பரப்புக்கான நிலத் தரவுக்கு 90 மீட்டர் இடைவெளியும் 30 மீட்டர் உயரத் துல்லியமும் போதும் என்று வரையறுத்துள்ளது. அதுவும் 90 விழுக்காடு நம்பகத்தோடு, அதாவது பத்தில் ஒரு புள்ளி அந்த எல்லையையும் மீறலாம். 30 மீட்டர் என்பது 98 அடி. திரையில் சிவப்புக்குக் கீழ்வரம்பாக வைத்த 100 அடியை இந்த அனுமதிக்கப்பட்ட பிழையே ஏறத்தாழ முழுமையாக விழுங்கிவிடுகிறது என்பதைப் பயனர் கையேடுகள் இவ்வளவு வெளிப்படையாகக் கூறுவதில்லை. நிலக் காட்சியை நம்பி மலைகளுக்கிடையே வழி தேடக் கூடாது என்று மட்டும் எழுதிவைக்கின்றன.

காகித வரைபடத்தைத் தயாரித்தவர்கள் இவ்விஷயத்தில் வெளிப்படையாக இருந்தார்கள். அமெரிக்க வான்வழி வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் உச்ச உயர எண்ணைக் கணிக்கும் முறை இதற்குச் சான்று. கட்டத்தின் மிக உயர்ந்த இடம் 6,430 அடி உயரமுள்ள மலை என்றால், அளவீட்டுப் பிழைக்காக 100 அடியும், வரைபடத்தில் இடம்பெறாத மரத்துக்கும் கோபுரத்துக்குமாக 200 அடியும் கூட்டி, வரும் 6,730ஐ அடுத்த நூறுக்கு உயர்த்தி, 6,800 என அச்சிடுவார்கள். ஐயத்தையும் எண்ணுக்குள்ளேயே சேர்த்துவிட்ட முறை இது. திரையில் மலை தன் அளந்த உயரத்திலேயே நிற்பதால், அந்த 300 அடியை விமானியே மனத்தில் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரவில் மலைநாட்டின் மேல் பறப்பவர்களுக்குப் பயிற்சியாசிரியர்கள் பலர் இன்றும் பரிந்துரைப்பது, கருவிப் பறப்புக்கு அமெரிக்க விதிகள் வகுத்துள்ள பழைய அளவையே: சமநிலத்தில் மிக உயர்ந்த தடைக்கு மேல் 1,000 அடி, மலைப்பகுதியில் 2,000 அடி.