பத்து மீட்டர் தாமதம்

கவுஞ்சி மலைக் கிராமத்தின் சரிவில் படிப்படியாக இறங்கும் பூண்டு வயலில் நின்று கேளுங்கள். பக்கத்தில் ஒருவர் களை கொத்துகிறார். பத்து மீட்டர் தள்ளி, அடுத்த படியில் இன்னொருவர். இருவர் கையும் ஒரே கணத்தில் இறங்கினாலும் இரண்டாவது 'டக்' ஒரு இம்மி பிந்தித்தான் நம்மிடம் வரும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் ஓடும். பத்து மீட்டரைக் கடக்க அதற்கு 30 மில்லிநொடி ஆகும். ஒரு நொடியை ஆயிரம் கூறு போட்டால் அதில் 30 கூறு. கண்ணிமைப்பதற்குள் இதுபோல் பல முறை நடந்துவிடும்.

இத்தனை சின்ன இடைவெளியில் என்ன இருக்கிறது என்று தேடிப் போனவர் ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயர். தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் அமெரிக்காவின் ஆல்பனியில் பிறந்தவர். மூன்று வயதிலிருந்து வயலின் படித்தார். பியானோவோ தானாகத் தட்டித் தட்டிப் பழகியது! யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்துவிட்டு, இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்க பெர்க்லி போனார். மாலையில் ஜாஸ் மேடை, காலையில் சமன்பாடு. கடைசியில் மேடை வென்றது. ஆனால் அளந்து பார்க்கும் புத்தி போகவில்லை. தாளத்தை உடல் எப்படி உணர்கிறது என்பதையே ஆராய்ந்து 1998இல் முனைவரானார்.

அவர் கவனித்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. டிரம்ஸில் காலால் அடிப்பது பெரிய முரசு, கையால் அடிப்பது சிறிய முரசு. இரண்டு கால் அடிகளுக்குச் சரியாக நடுவில் கை அடி விழும் என்றுதான் நினைப்போம். தேர்ந்த கலைஞர்கள் வாசிக்கும்போது அது பல சமயம் ஒரு மயிரிழை பிந்தி விழுகிறது. பிழை இல்லை; அந்தப் பிந்தல்தான் நம்மைத் தலையாட்ட வைக்கிறது. காலால் தரையை மிதித்துக் கை தட்டிப் பாடிய கறுப்பின மக்களின் பழைய வழிபாட்டு ஆட்டத்தின் உடலசைவு இன்னும் அதற்குள் இருக்கிறது என்பது அவர் யூகம். கணினி மில்லிநொடி பிசகாமல் அடிக்கும் தாளம் ஏன் உயிரற்றுக் கேட்கிறது என்பதற்கும் இங்கே ஒரு விடை கிடைக்கிறது.

எண்களை அவர் பாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். நமக்குத் தெரிந்த கணக்குதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மூன்று மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? 'கககா' என்றால் நான்காகிவிடும். ககக, காக, ககா: மூன்றே வழி. நான்கு மாத்திரைக்கு ஐந்து வழி, ஐந்துக்கு எட்டு, ஆறுக்குப் பதின்மூன்று. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது. யாப்பிலக்கணக்காரர் விரகாங்கர் இந்த வரிசையைக் கண்டு பல நூற்றாண்டு கழித்துத்தான், 1202இல், இத்தாலியின் ஃபிபொனாச்சி எழுதினார். உலகம் அவர் பெயரைத்தான் வைத்தது.

பக்கத்துப் பக்கத்து எண்களை வகுத்துப் பாருங்கள்: 5க்கு 3 என்றால் 1.67, 8க்கு 5 என்றால் 1.6, 13க்கு 8 என்றால் 1.625. விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ரோனி ஃபாஸ்டரின் 'மிஸ்டிக் ப்ரூ' என்ற மெட்டை 2009இல் தன் மூவர் குழுவுடன் வாசித்தபோது, ஒரு நெடில்-குறில் நடையை இந்த எண்களின்படி இழுத்து நீட்டினார் ஐயர். தாளம் நீள்கிறது, நடை மாறியதாகக் காதுக்குத் தோன்றவில்லை. ரப்பர் பட்டையில் எழுதிய எழுத்தை இழுத்தாலும் படிக்க முடிகிறதே, அதுபோல.

நரம்பிசை நால்வருக்கு 'மியூட்டேஷன்ஸ்' எழுதிய கையும் இதே கைதான். 2011இல் வந்த 'தீர்த்தா' இசைத்தட்டில் அவருடன் கிதார் வாசித்தவர் பிரசன்னா. சென்னை ஐஐடியில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டுக் கர்நாடக இசையைக் கிதாரில் ஏற்றியவர். 2013இல் ஐயருக்கு மெக்கார்தர் விருது. 2014 முதல் ஐயர் ஹார்வர்டில் பேராசிரியர். இசையமைப்பவர்களும் ஆராய்பவர்களும் ஒன்றாகவே உட்கார்ந்து படிக்கும் முனைவர் படிப்பு ஒன்றை அங்கே உருவாக்கினார்.

இனி வயல் வரப்பில் நின்று ஒரு முறை காலை மிதித்துக் கை தட்டிப் பாருங்கள். கை எப்போது விழுகிறது என்று காதால் பிடியுங்கள்.