மலையேறும் அம்பாசடர் எஸ்டேட்

பின்பக்கம் நீண்ட பழைய அம்பாசடர் எஸ்டேட் காரைப் புதுப்பித்து, வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏற்றிவர ஆசையா? இந்தத் தகவல் உங்களுக்கு.

அதன் பழைய 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்குச் சுமார் 50 குதிரைத்திறன்தான். கொடைக்கானலோ ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி குறைவதால் கார்புரேட்டர் எஞ்சின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். வழியிலுள்ள பெருமாள்மலையைத் தாண்டும்போது கார் முனகுவது அதனால்தான்.

1990களில் அம்பாசடருக்கே 1.8 லிட்டர் இசுசு எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன. இசுசு எஞ்சினுக்குச் சுமார் 75 குதிரைத்திறன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஜோடியைத் தேடுவதில் வியப்பில்லை. மாற்றும்போது எஞ்சின் மவுண்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம், ரேடியேட்டர் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆனால் முதல் செலவு எஞ்சினுக்கு அல்ல, பிரேக்குக்கு என்பேன். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டி, இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் இழக்கும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் நல்லது. அப்போதும் இரண்டாம் கியரில் இறங்குங்கள். அடுத்தது உடற்கூடு: அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடற்கூடே தாங்குகிறது. எனவே துருப்பிடித்த அடித்தகடுகளையும் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் பிடிமானங்களையும் எஞ்சினை மாற்றுமுன் சரிசெய்யுங்கள்.

எஞ்சின் மாறினால் ஆர்.சி. விவரமும் மாறும். வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். பட்டறைக்குப் போகுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.